மேலே எட்டாததைப் போட்டால் கீழே உள்ளதும் போகுமா? (கம்பஸ் விண்ணப்பம், திருகோணமலை மாவட்டம்)

2025 மே 4, இரவு 9.40
நிலாவெளிப் பயணி:

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து ஒரு கிழமை. பயோ. மூன்று பாடமும் சித்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் 30க்கு மேல். இஸட் (மூன்று பாடத்துக்கும் சேர்த்துக் கணிக்கிற தரப்புள்ளி) ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில். மெடிசினுக்குப் போன முறை நம்ம மாவட்டத்துக்கு விழுந்த வெட்டுப்புள்ளியைவிடக் குறைவு. கம்பஸ் (பல்கலைக்கழக) விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதணும். ஊரில் எல்லாரும் சொல்றாங்க: “கிடைக்காததை முதலாவதா எழுதாதே, கம்ப்யூட்டர் உன்னைப் பின்னுக்குத் தள்ளிடும். கட்டாயம் கிடைக்கிறதை முதல்ல போடு.” சரியா பிழையா? சித்த மருத்துவம், நேர்சிங், விவசாயம், பயோ சயன்ஸ் நாலும் யோசனையில் இருக்கு.

இரவு 10.15
கொட்டியாக்குடா:

பிழை தம்பி. தெரிவு நடப்பது இஸட் வரிசையில். உன் முறை வரும்போது உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். முதலாவதில் உன் புள்ளிக்கு இடம் இல்லையா, இரண்டாவது. அங்கும் இல்லையா, மூன்றாவது. நேர்சிங்கை ஏழாவதாக எழுதிய பிள்ளைக்கு இஸட் 1.3, முதலாவதாக எழுதிய பிள்ளைக்கு 1.2 என்றால், மேலே ஆறும் கிடைக்காதபோது நேர்சிங்கில் முந்துவது 1.3 தான். “முதலாவதாக ஆசைப்பட்டவர்” என்று யாருக்கும் மேலதிகப் புள்ளி கிடையாது.

ஆகவே எட்டாத மெடிசினை முதலாவதாகப் போட்டால் நட்டம் ஒன்றும் இல்லை. கட்டாயம் கிடைக்கிற ஒன்றை ஆசையில்லாமல் முதலாவதாகப் போட்டால்தான் நட்டம். அது கிடைக்கும், அதோடு கதை முடியும், அதற்குக் கீழே எழுதிய எதையும் பார்க்கவே மாட்டார்கள்.

இரவு 10.22
கிண்ணியாப் பாலம்:

அப்ப பெரியப்பா, சின்ன மாமா, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சேர் மூணு பேரும் சேர்ந்த ஆலோசனைக் குழுவைக் கலைச்சிடலாம் போல 😀

இரவு 11.50
கொட்டியாக்குடா:

மேலே எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அரைகுறையாகிவிடும்.

தெரிவு வந்த பிறகு வெற்றிடம் நிரப்பும் சுற்றுகள் நடக்கும். பதியாமல் விட்டவர்களின் இடங்களுக்கு மற்றவர்களை நகர்த்துவார்கள். அந்த நகர்வு மேல்நோக்கி மட்டும்தான். உனக்கு ஐந்தாவது கிடைத்திருந்தால் ஒன்று முதல் நாலு வரையானதுக்குத்தான் இனிப் பார்ப்பார்கள். ஆறாவதாக எழுதியதைப் பிறகு கேட்டால் கிடைக்காது.

இதனால் வருகிற விதி: போக மனம் இல்லாத ஒன்றை, போக விரும்புகிற ஒன்றுக்கு மேலே எழுதாதே. “சும்மா இருக்கட்டும்” என்று மூன்றாவதாக எழுதின தூரத்து கம்பஸ் கிடைத்து, நாலாவதாக எழுதின வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்) போய்விட்டது என்ற முறைப்பாடு வருடா வருடம் வருகிறது. அங்கே கணினி சொன்னதைத்தான் செய்தது.

மே 5, காலை 6.30
நிலாவெளிப் பயணி:

நன்றி அண்ணா. அப்ப போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்க்கவே தேவையில்லையா? நான் அதை வச்சுத்தான் அட்டவணை போட்டிருக்கேன்.

மே 5, காலை 7.05
கொட்டியாக்குடா:

பார். ஆனால் வரிசை போட அல்ல, பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று அறிய.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டி வைத்த வாசல் அல்ல. அந்த வருடம் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் இஸட், அவ்வளவுதான். நம்ம மாவட்டத்தில் அது ஏன் கூடிக் குறைகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வேலை முடிந்து மாலையில் எழுதுகிறேன்.

மே 5, மாலை 6.20
கொட்டியாக்குடா:

கணக்கு இதுதான். ஒரு பாடநெறிக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. (கலைப் பிரிவுக்கு இந்தப் பங்கீடு இல்லை, அகில இலங்கைத் திறமைதான். வேறு சில பாடநெறிகளும் அப்படி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் தனியாகப் போட்டிருப்பார்கள்.)

2012 குடிசன மதிப்பீட்டில் நம்ம மாவட்டம் ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம், நாடு 2 கோடியே 3 லட்சம் சொச்சம். விகிதம் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. விளங்குவதற்காக அதையே வைத்துக்கொள்வோம். நாடு முழுக்க 1,000 இடம் உள்ள பாடநெறி என்றால் மாவட்டப் பங்கு 550. அதில் நமக்குப் பத்துச் சொச்சம். 5 வீதத்தில் இன்னும் கொஞ்சம் வரும். 50 இடம் உள்ள சின்னப் பாடநெறி என்றால் மாவட்டப் பங்கு 27 அல்லது 28. அதில் நமக்கு வருவது அரை ஆள்.

இப்ப விளங்குதா? பத்துப் பேர் எடுக்கிற இடத்தில், நல்ல இஸட் உள்ள இரண்டு பிள்ளைகள் வேறு பாடநெறிக்குப் போனாலே வெட்டுப்புள்ளி கீழே இறங்கும். அரை ஆள், ஒரு ஆள் எடுக்கிற இடத்தில் அது ஒரே ஒரு பிள்ளையின் விருப்பு வரிசையைச் சொல்லுகிற எண். கொழும்பு, கம்பஹா மாதிரிப் பெரிய மாவட்டங்களில் போன வருட எண்ணை நம்பி ஓரளவுக்குக் கணிக்கலாம். நம்ம மாவட்டத்தில் சின்னப் பாடநெறிகளுக்கு அது செல்லாது.

இன்னொன்று. திறமை வரிசையில் போகிறவர்கள் மாவட்டப் பங்கைத் தின்பதில்லை. முதலில் 40 வீதம் நிரம்பும், பிறகுதான் மாவட்டக் கணக்கு.

மே 5, மாலை 6.48
கிண்ணியாப் பாலம்:

அந்த அட்டவணையில சில கட்டத்தில எண்ணுக்குப் பதிலா என்.கியூ.சி. என்று கிடக்குதே. அது அந்த கம்பஸ் நம்ம மாவட்டத்துக்கு மூடியிருக்கு என்ற அர்த்தமா? எங்கட பக்கம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

மே 5, இரவு 8.10
நாலாங்கட்டை:

இல்லை நானா. அந்த மாவட்டத்தில் இருந்து அதற்குத் தகுதியான விண்ணப்பதாரி அந்த வருடம் இல்லை என்றுதான் அர்த்தம். அந்தக் கட்டத்தைக் கண்டு பயந்து விடுபவர்கள்தான் கூட. உண்மையில் நம்ம பிள்ளைகள் கவனிக்கவேண்டிய கட்டம் அதுதான்.

மே 5, இரவு 8.30
கொட்டியாக்குடா:

நாலாங்கட்டை சொன்னது முக்கியம். ஆனால் என்.கியூ.சி. உள்ளதை எல்லாம் அள்ளிப் போடவேண்டாம். யாரும் ஏன் கேட்கவில்லை என்று பார்க்க வேண்டும். சிலதுக்கு ஓஎல் (சாதாரண தர) கணிதம் அல்லது ஆங்கிலத்தில் குறித்த தரச் சித்தி கேட்டிருப்பார்கள். சிலதுக்கு உளச்சார்புப் பரீட்சை (அந்தத் துறைக்குப் பொருத்தமா என்று பார்ப்பது). சிலது வெறுமனே தூரம், அல்லது பெயரைப் பார்த்து விளங்காதது. கடைசி வகைதான் வாய்ப்பு.

மே 6, காலை 5.55
நிலாவெளிப் பயணி:

உளச்சார்புப் பரீட்சை என்றால் விண்ணப்பத்தோடு வருமா?

மே 6, காலை 7.00
கொட்டியாக்குடா:

வராது. கட்டிடக்கலை, வடிவமைப்பு, மொழிபெயர்ப்புக் கற்கைகள், சங்கீதம், நடனம் மாதிரியானவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகமே தனியாக அறிவித்து, தனியாக விண்ணப்பம் வாங்கி, பரீட்சை வைக்கும். அதில் சித்தியில்லாமல் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்தப் பாடநெறியின் கோட்டை (குறியீட்டு எண்ணை) எழுதிப் பலனில்லை. பரீட்சைத் திகதியைப் பத்திரிகையிலும் அந்தப் பல்கலைக்கழக இணையத்தளத்திலும்தான் பார்க்கவேண்டும். யாரும் வீட்டுக்குக் கடிதம் போடமாட்டார்கள்.

மே 6, மாலை 4.40
நாலாங்கட்டை:

கடதாசி விசயம் நான் சொல்றேன். அண்ணா இஸட்டுக்குள்ள மூழ்கிட்டார்.

ஒன்று, பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை), ஏஎல் பெறுபேறு மூன்றையும் மேசையில் வைத்து ஆங்கில எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து இரண்டு, மற்றதில் மூன்று. ஒன்றில் ஒரு எழுத்து இரட்டை, மற்றதில் ஒற்றை. இது தமிழ், முஸ்லிம் பெயர்களில் சர்வசாதாரணம். சின்ன வித்தியாசத்துக்கு ஜேபியிடம் (சமாதான நீதவான்) சத்தியக் கடதாசி எடுத்து வைக்கலாம். பிறப்புப் பத்திரத்திலேயே பிழை என்றால் அது பிரதேச செயலகத்தில் மாதக்கணக்கில் இழுபடும். இன்றைக்கே தொடங்குங்கள்.

இரண்டு, தொலைபேசி, ஈமெயில். கொம்யூனிகேஷன் கடையில் நிரப்பினால் அங்கே இருக்கிற பையன் தன் ஈமெயிலைப் போட்டுவிடுவான், அவசரத்தில். பிறகு தெரிவுத் தகவல், பதிவுத் திகதி எல்லாம் அவனுக்குப் போகும். உங்கள் பெயரில் ஒரு ஈமெயில், உங்கள் கையில் இருக்கிற சிம். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மூன்று, கோட். ஒரே பாடநெறி, வேறு வேறு பல்கலைக்கழகம் என்றால் கோட் வேறு. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்தில் ஒன்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் ஒன்று. நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறதை நினைத்துக்கொண்டு யாழ்ப்பாணக் கோட்டைப் போட்டால் யாழ்ப்பாணம்தான் வரும். பெயர் ஒத்தவை இன்னும் மோசம்: விவசாயம் வேறு, விவசாயத் தொழினுட்பம் வேறு. ஒருவர் வாசிக்க மற்றவர் கைநூலைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். தனியாகச் செய்யாதீங்க.

நாலு, கடைசி மூன்று நாளில் தளம் நகராது. கைநூல் வந்த கிழமையே நிரப்பி முடித்து, பிரிண்ட் எடுத்து வைத்து, பிறகு ஆறுதலாக யோசியுங்கள்.

மே 6, மாலை 5.10
கிண்ணியாப் பாலம்:

மாவட்டம் என்கிறது வீடு இருக்கிற மாவட்டம்தானே? மச்சினன் ஒருத்தன் கிண்ணியாவில வீடு, ஏஎல் கண்டியில படிச்சான்.

மே 6, மாலை 5.25
நாலாங்கட்டை:

பாடசாலையை வைத்துத்தான் நானா. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தார் என்று பார்ப்பார்கள். அந்த மூன்று வருடத்துக்குள் இரண்டு மாவட்டம் என்றால் கைநூலில் தனிப் பந்தி இருக்கு. பாடசாலை விடுகைப் பத்திரம், வதிவிடம் காட்டுகிற கடதாசிகள், ஜீஎஸ் (கிராம சேவகர்) சான்று, வாக்காளர் இடாப்புப் பிரதி எல்லாம் கேட்பார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு வேறு பந்தி. மச்சினனை அந்தப் பக்கத்தை முழுக்க வாசிக்கச் சொல்லுங்க. பிழையான மாவட்டத்தைப் போட்டு இடம் கிடைத்த பிறகு பிடிபட்டால் இடமே போகும்.

மே 7, இரவு 9.15
கொட்டியாக்குடா:

இஸட்டுக்குள் மூழ்கினதாகச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். “எழுபது எடுத்த பாடம் நல்லது, அறுபத்தாறு எடுத்தது கூடாது” என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு பாடத்திலும் உன் புள்ளியிலிருந்து நாட்டுச் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. கற்பனை எண்கள்: கெமிஸ்ட்ரி 70, சராசரி 40, விலகல் 20 என்றால் 1.5. பயோ 66, சராசரி 45, விலகல் 15 என்றால் 1.4. பிசிக்ஸ் 44, சராசரி 35, விலகல் 18 என்றால் 0.5. கூட்டினால் 3.4, மூன்றால் வகுத்தால் 1.1333. பெறுபேற்றில் நாலு தசமம் வரை வருவது இதுதான். இந்தப் பிள்ளையைக் கீழே இழுத்தது பிசிக்ஸ். மறுபடி எடுப்பதானால் உழைப்புப் போகவேண்டிய இடமும் அதுதான், ஏற்கெனவே எழுபது எடுத்த கெமிஸ்ட்ரி அல்ல.

2011 ஏஎல்லில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இஸட் போட்டு, உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் திருப்பிக் கணிக்க வேண்டி வந்தது. சராசரி யாருடைய சராசரி என்பதுதான் அந்த வழக்கின் சாரம்.

மீள் திருத்தத்துக்குப் போடுகிறவர்கள் அதன் முடிவு வரும்வரை கம்பஸ் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவேண்டாம். இருக்கிற பெறுபேற்றோடு விண்ணப்பி.

மே 8, காலை 6.10
நிலாவெளிப் பயணி:

ஆசைப்படி எழுது என்று சொல்றீங்க. ஆசை எது என்றுதான் தெரியவில்லை அண்ணா. காலையில் சித்தா, பின்னேரம் நேர்சிங். அப்பா விவசாயம் என்கிறார்.

மே 8, மாலை 6.00
கொட்டியாக்குடா:

இதை யோசித்துப் பார்த்தேன். “ஆசைப்படி எழுது” என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் யாருக்கு ஆசை வரிசையாக நிற்கும்?

இப்படிச் செய். பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஒரு துண்டில் எழுது. “நேர்சிங், யாழ்ப்பாணம்” ஒரு துண்டு. “நேர்சிங், கிழக்கு” வேறு துண்டு. இரண்டு துண்டை எடுத்து ஒரே கேள்வி கேள்: நாளைக்கு இரண்டிலும் இடம் என்று கடிதம் வந்தால் எதில் போய்ப் பதிவேன்? வென்றது மேலே. அடுத்த துண்டை எடுத்து வரிசையில் உள்ளவற்றோடு ஒவ்வொன்றாக மோதவிடு. இருபது துண்டும் ஒரு பின்னேரத்தில் ஒழுங்காகிவிடும். “எது நல்லது” என்று கேட்காதே, அதற்குப் பெரியப்பா பதில் வைத்திருப்பார். “எதில் பதிவேன்” என்று கேள்.

வரிசை முடிந்ததும் கீழிருந்து மேலே வா. ஒவ்வொன்றிலும்: இது ஒன்று மட்டுமே கிடைத்தால் போவேனா, அல்லது மறுபடி ஏஎல் எடுப்பேனா? மறுபடி எடுப்பேன் என்றால் அந்தத் துண்டைக் கிழி.

கிழிக்க முதல் இரண்டு விசயம் தெரிந்திருக்க வேண்டும். கம்பஸ் அனுமதிக்கு ஏஎல் மூன்று தடவைதான். அந்த வருட விண்ணப்பத்துக்கு அந்த வருடப் பெறுபேறுதான். முதல் தடவை இஸட் கூட, இரண்டாம் தடவை குறைவு என்றால் பழையதைத் தூக்கிவந்து போட ஏலாது. ஒரு இடத்தில் பதிந்துவிட்டு அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிப்பதற்கும் கட்டுப்பாடு இருக்கு. பதிவுப் பணம் கட்ட முதல் அந்தப் பந்தியை வாசி.

மே 8, மாலை 6.35
கிண்ணியாப் பாலம்:

துண்டுச் சீட்டை உம்மா கண்டா சீட்டுப் பிடிக்கிறான் என்று நினைப்பாங்க.

மே 9, இரவு 8.45
கொட்டியாக்குடா:

நாலு பாடநெறியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக.

சித்த மருத்துவம்: ஐந்து வருடப் படிப்பு, அதற்குப் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. நாட்டில் இரண்டே இடம், இரண்டும் வடக்கு கிழக்கில். ஒன்று உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடியது, போர்டிங் காசு மிச்சம். பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில். சித்த வைத்தியசாலைகள் நம்ம மாகாணத்தில் இருக்கு, ஆனால் அரச நியமனத்துக்கு வரிசையில் நிற்கவேண்டி வரும். பட்டம் கையில், அடுத்த மாதம் வேலை என்று கணக்குப் போடாதே. மெடிசினுக்குப் பதில் என்று நினைத்துப் போகிறவர் இரண்டாம் வருடத்தில் சலித்துப்போவார். குணபாடத்தையும் (சித்த மருந்தியல்) நாடியையும் படிக்க மனம் இருந்தால் மேலே போடு.

நேர்சிங்: கம்பஸ் பட்டம் நாலு வருடம். சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி மூன்று வருட டிப்ளோமா, அது முற்றிலும் வேறு வழி. தனி விண்ணப்பம், பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு. வீட்டில் காசு நெருக்கடி என்றால் இரண்டாவதைப் பட்டத்துக்குக் கீழானதென்று ஒதுக்காதே. விரிவுரையாளராக, ஆய்வுப் பக்கம், வெளிநாடு என்று யோசித்தால் பட்டம். அதே வரிசையில் மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இரண்டையும் ஏன் நீ எழுதவில்லை? யாழ்ப்பாணத்தில் மூன்றும் ஒரே பீடத்தில் இருக்கு.

விவசாயம்: நாலு வருடம். வந்தாறுமூலை, கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், பேராதனை, அனுராதபுரத்தில் ரஜரட்ட. அப்பா வயல் செய்கிறார் என்பதற்காகப் போகிற படிப்பு அல்ல இது. மண் இரசாயனம், புள்ளிவிபரவியல், பொருளியல் கூட வரும். பிறகு அரச சேவைக்குப் போட்டிப் பரீட்சை.

பயோ சயன்ஸ்: இதில்தான் கூடுதலாக ஏமாறுகிறார்கள். மூன்று வருடப் பொதுப் பட்டம், நாலு வருடச் சிறப்புப் பட்டம் இரண்டும் ஒரே வாசலால் போய்ப் பிறகு பிரிபவை. தேசியத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், 120 கிரெடிட். சிறப்புக்கு யாரை எடுப்பது என்பதை ஆரம்ப வருடங்களின் ஜீபீஏ (சராசரித் தரப்புள்ளி) தீர்மானிக்கும். முதல் செமஸ்டரில் “பகிடிவதை முடியட்டும், பிறகு படிப்பம்” என்று இருந்தவர் அந்த ஜீபீஏயைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு திரிவார்.

மே 9, இரவு 9.00
நாலாங்கட்டை:

பகிடிவதை (ராகிங்) என்ற சொல்லை எடுத்ததால்: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். மறியல் (சிறை) வரைக்கும் போகும். பெண் பிள்ளைகளின் வீட்டார் இதைக் கேட்டுத்தான் தூர கம்பஸை வெட்டுறாங்க. வெட்டுறதுக்கு முதல் விடுதி இருக்கா, முதல் வருடத்துக்குத் தருவாங்களா என்று அந்தப் பீடத்தில் கேளுங்க. பெரும்பாலும் முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் முன்னுரிமை, நடுவில் போர்டிங்.

மே 10, காலை 10.20
கிண்ணியாப் பாலம்:

பயோக்காரருக்கே எல்லாம் எழுதுறீங்க. கொமர்ஸ் பிள்ளைகளுக்கு நான் ரெண்டு வரி.

முகாமைத்துவம் திருகோணமலை வளாகத்திலும் இருக்கு, வந்தாறுமூலை, ஒலுவில், யாழ்ப்பாணம், வவுனியாவிலும் இருக்கு. முதலாம் வருடம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒண்ணு. வித்தியாசம் வாறது விசேட துறையில: கணக்கியல் வேணுமா, சந்தைப்படுத்தலா, மனிதவளமா, அந்தப் பீடத்தில அது இருக்கா என்று பாக்கணும். கணக்காளராகத்தான் வரணும் என்றால் பட்டத்தோட பட்டயக் கணக்காளர் பரீட்சையையும் இழுக்கணும். எந்தப் பட்டத்துக்கு எத்தனை பாடம் விலக்கு என்று நிறுவகத்தின் பட்டியலைப் பார்த்துத்தான் வரிசை போடணும்.

கம்பஸ் கிடைக்காட்டி என்ன என்கிறதுக்கு: நம்ம ஊரிலேயே உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனம் இருக்கு, எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிக்கலாம், காசு இல்லாமல். அதுக்கு விண்ணப்பம் தனி, அறிவித்தல் தனி. கம்பஸ் முடிவு வரும்வரைக்கும் காத்திருந்தா திகதி போயிடும். ரெண்டுக்கும் சேர்த்துப் போடுங்க.

மே 10, பகல் 12.05
கொட்டியாக்குடா:

நானா சொன்னதோடு ஒன்று. காசுக் கணக்குப் போடும்போது மகாபொலப் புலமைப்பரிசிலை முழுச் செலவுக்கும் போதும் என்று எடுக்கவேண்டாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ஆகவும், பர்சரி (மாணவர் உதவிப்பணம்) 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். போர்டிங் வாடகையும் சாப்பாடும் அதைத் தாண்டும். முதல் தவணை படிப்புத் தொடங்கின அன்றைக்கே கைக்கு வருவதும் இல்லை. முதல் மூன்று நாலு மாதத்துக்கு வீட்டுக் காசு வைத்திருக்க வேண்டும்.

மே 11, இரவு 9.30
நிலாவெளிப் பயணி:

துண்டு போட்டாச்சு. உம்மா காணவில்லை நானா, அம்மா கண்டுட்டா 😀

மெடிசின் கோட் எல்லாம் மேலே. பிறகு சித்தா கோணேசபுரி, ஆய்வுகூட விஞ்ஞானம் யாழ்ப்பாணம், நேர்சிங் கிழக்கு, நேர்சிங் யாழ்ப்பாணம், மருந்தகவியல் யாழ்ப்பாணம், சித்தா யாழ்ப்பாணம், விவசாயம் மூன்று. பயோ சயன்ஸைக் கிழிச்சிட்டேன்.

மே 11, இரவு 10.10
கொட்டியாக்குடா:

சித்தா கோணேசபுரி மேலே, சித்தா யாழ்ப்பாணம் ஐந்து தள்ளிக் கீழே. அப்படியென்றால் உன்னை இழுப்பது சித்த மருத்துவம் அல்ல, வீட்டிலிருந்து போய்வரும் வசதி. அதுவும் நல்ல காரணம்தான். ஆனால் ஐந்து வருடமும் பயிற்சி வருடமும் அந்த வசதிக்காகவா என்று ஆய்வுகூடத் துண்டோடு இன்னொரு தரம் மோதவிட்டுப் பார்.

பயோ சயன்ஸைக் கிழித்த காரணம் சொல்லவில்லை. மூன்று வருடப் பட்டம் என்று பயந்தா? அப்படியென்றால் கிழிக்காமல் விவசாயத்துக்குக் கீழே போடு. கிடைத்தால் போகவே மாட்டேன் என்றால் கிழித்தது சரி.

மே 12, காலை 6.20
நிலாவெளிப் பயணி:

போகமாட்டேன். மறுபடி எடுப்பேன். ஆய்வுகூடம் மேலே போயிட்டு.

மே 12, மாலை 7.15
புதியவர், தம்பலகாமம்:

இடையில கேட்கிறதுக்கு மன்னிக்கவும். தங்கச்சி கம்பைண்ட் மற்ஸ், பிசிக்ஸ், ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்). இன்ஜினியரிங் கோட்டை முதலாவதாப் போட்டா நட்டமில்லைதானே, மேலே சொன்ன மாதிரி?

மே 12, இரவு 8.00
கொட்டியாக்குடா:

நட்டமில்லை என்று சொன்னது தகுதி இருந்து புள்ளி எட்டாதவருக்கு. இன்ஜினியரிங்குக்கு கெமிஸ்ட்ரி வேண்டும், ஐசிடி அதற்குப் பதிலாகாது. எத்தனை புள்ளி இருந்தாலும் அந்தக் கோட் எடுபடாது. தங்கச்சியின் சேர்க்கைக்குக் கணினி விஞ்ஞானம் சரி, கோணேசபுரியிலும் இருக்கு. கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் கீழே பாடச் சேர்க்கை போட்டிருக்கும். அதில் ஐசிடி என்ற சொல் வருகிற பக்கங்களை மட்டும் மடித்து வைக்கச் சொல்லுங்கள், பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும்.